நங்கநல்லூர் பழைய ஃபிளாட்டா, கூடுவாஞ்சேரி தனி வீடா: இரண்டையும் ஏறி இறங்கிப் பார்த்த ரிவியூ

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணம். கையில் 75லிருந்து 80 லட்சம் பட்ஜெட், எனக்கு கிண்டியில் வேலை, வீட்டுக்காரருக்கு மறைமலை நகரில், ஏழாம் வகுப்பு படிக்கிற பெண், முட்டி வலியோடு அத்தை. இப்படி ஒரு குடும்பத்துக்கு சென்னைக்குள் பழைய, சின்ன, எட்டு வீடு மட்டும் இருக்கிற பிளாக்கில் ஒரு ஃபிளாட் வாங்குவதுதான் ஒத்துவரும். புறநகர் தனி வீடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை வாங்குகிறவர் வீட்டோடு சேர்த்து முனிசிபாலிட்டி வேலையையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும், அதற்கு எங்கள் வீட்டில் ஆள் இல்லை.

கூடுவாஞ்சேரி வீட்டிலிருந்தே தொடங்குகிறேன், மனசு முதலில் போனது அங்கேதான். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை. கீழே ஒரு பெட்ரூம், மேலே இரண்டு, வாசலில் கார் நிற்கிற அளவு போர்ட்டிகோ, பின்னால் மூன்றடி அகலத்துக்கு ஒரு கொல்லை, மொட்டை மாடி முழுசும் நமக்கே. அத்தை உள்ளே நுழைந்ததும் பூஜை ரூம் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று ஒரு நோட்டம், அடுத்து நேராகக் கொல்லைக்கதவு. "இங்க ஒரு முருங்கையும் கறிவேப்பிலையும் வெச்சா போதும்மா, வேற என்ன வேணும்" என்றார். மூன்றடியில் முருங்கை வைத்தால் வேர் பக்கத்து காம்பவுண்டைத் தூக்கிவிடும் என்று அந்த நேரத்தில் யார் சொல்வது. கேட்ட விலை 80. பேசினால் 77க்கு வருவார்கள் என்று புரோக்கர் சொன்னார்.

குறை தெரிந்தது மேல்மாடி பாத்ரூமில். வீடு கட்டி மூன்று வருஷம்தான் ஆகிறது, ஷவர் ஓட்டைகளில் பாதி வெள்ளையாக அடைத்திருக்கிறது, குழாய் மூக்கில் உப்பு பாறை மாதிரி ஏறியிருக்கிறது, டைல்ஸில் தண்ணீர் வழிகிற தடம் மட்டும் சாம்பல் நிறம். கிச்சனில் மேடைக்குக் கீழே காலி வாட்டர் கேன்கள் வரிசையாக நின்றன. வெளியே வந்து பக்கத்து வீட்டு அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். குடிக்கக் கேன், குளிக்க போர், மே மாசம் போர் காற்று வாங்கினால் லாரி என்று மூன்றே வரியில் முடித்துவிட்டார். அந்தத் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வரவில்லை, எல்லா வீட்டிலும் செப்டிக் டேங்க், நிரம்பினால் கழிவுநீர் லாரிக்குப் போன். தெருவிளக்கு எரியவில்லையென்றால் யாரைக் கூப்பிட வேண்டும், எத்தனை தடவை கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்கும்போதே களைப்பாக இருந்தது.

2019 கோடையில் சென்னைக்குள்ளும் மெட்ரோ வாட்டர் வராமல் குடத்தோடு நின்றோமே என்று கேட்பீர்கள். நின்றோம், மறுக்கவில்லை. ஆனால் நகரத்துக்குள் குழாய் என்று ஒன்று பூமிக்குள் இருக்கிறது, ஏரி நிறைந்தால் அதில் தண்ணீர் வரும், நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013லிருந்து ஓடுகிறது, 2024ல் இன்னொன்றும் சேர்ந்தது. குழாயே போடாத தெருவில் எந்த ஏரி நிறைந்தால் நமக்கென்ன?

வெள்ளம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கூடுவாஞ்சேரிக்கு முன்னால் முடிச்சூர் பக்கமும் ஒரு வீடு பார்த்தோம், விலை ஆச்சரியப்படுகிற அளவு குறைவு. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாடு ஊருக்கே தெரியும். "அதெல்லாம் அப்போ மேடம், இப்போ ஆத்தை அகலப்படுத்திட்டாங்க" என்றார் காட்டியவர். நான் அவரோடு வாதம் செய்யவில்லை, தெருவை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஈபி மீட்டர் பெட்டி வீட்டுக்கு வீடு என் தலைக்கு மேலே இருந்தது, ரீடிங் எடுக்க வருகிறவர் ஸ்டூல் கேட்பார் போல. தண்ணீர் மோட்டாருக்கு இடுப்பளவு உயரத்தில் சிமெண்ட் மேடை. புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்கு வாசல்படி ஏழோ எட்டோ. தரைத்தளத்தில் குடியிருக்காமல் வெறும் தூண் விட்டு மேலே கட்டியவர்களும் உண்டு. அங்கே வசிக்கிறவர்கள் வாயால் சொல்லாததையெல்லாம் கட்டடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். புறநகரில் வீடு பார்க்கப் போனால் விற்கிற வீட்டைவிட எதிர்வீட்டை நன்றாகப் பாருங்கள், விற்கிற வீட்டுக்குப் புது பெயிண்ட் அடித்திருப்பார்கள்.

கூடுவாஞ்சேரி வீட்டில் அந்த அளவுக்குப் பயமில்லை, தெருவே கொஞ்சம் மேடு. ஆனால் வாசலில் இரண்டே படி. ரோடு போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று 2021ல் அரசே கண்டிப்பாகச் சொன்னது, இருந்தாலும் பழசின் மேலேயே ஊற்றிவிட்டுப் போகிற தெருக்களை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இரண்டு தடவை அப்படிப் போட்டால் அந்த இரண்டு படியும் காலி, மழைத்தண்ணீர் நேராக ஹாலுக்கு.

போக்குவரத்து? வீட்டுக்காரருக்கு சொர்க்கம். கூடுவாஞ்சேரியில் ஏறினால் பொத்தேரி, காட்டாங்குளத்தூர், அடுத்தது மறைமலை நகர். எனக்கு அப்படியில்லை. பீச்சிலிருந்து வருகிற ரயிலில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும், செங்கல்பட்டு வரைக்கும் போவது அதைவிடக் குறைவு, ஒன்றைத் தவறவிட்டால் காத்திருப்பு. ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு இன்னும் இரண்டரை கிலோமீட்டர், ஷேர் ஆட்டோ மெயின் ரோட்டில் இறக்கிவிடும், அங்கிருந்து உள்ளே நடை. நான் ஆபீஸ் முடிந்து வருகிற நேரத்தில் ஒரு நாள் வேண்டுமென்றே அதே வழியில் நடந்து பார்த்தேன். இருட்டு, காலி மனைகள், நாய்கள். பெண்ணுக்கு எதிர்காலத்தில் டியூஷன், காலேஜ் எல்லாம் வரும்போது தினம் ஸ்டேஷனுக்கு ஒருவர் வண்டி எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 கடைசியில் திறந்ததிலிருந்து அந்தப் பக்கத்து மனை விளம்பரம் எல்லாவற்றிலும் "கிளாம்பாக்கத்துக்கு மிக அருகில்" என்று ஒரு வரி தவறாமல் வருகிறது. தென் மாவட்டத்து சொந்தங்கள் வந்து இறங்கச் சரி, தினசரி ஆபீஸ் போக அதனால் எனக்கு என்ன லாபம்? தீபாவளி, பொங்கல் நேரத்தில் ஜி.எஸ்.டி. சாலை எப்படி இருக்கும் என்பதை அந்த விளம்பரத்தில் போட மாட்டார்கள். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ நீட்டிக்கும் திட்டத்தையும் விலையில் சேர்த்தே சொல்கிறார்கள். ரயில் ஓடட்டும், அப்போது அந்த விலையைக் கொடுக்கலாம்.

தனி வீட்டுக்கு இருக்கிற பெரிய பலம் மண், அதை ஒத்துக்கொண்டே ஆக வேண்டும். 1,200 சதுர அடியும் நம் பெயரில் பட்டா. கட்டடம் பழசானாலும் இடித்துக் கட்டலாம், மேலே ஒரு மாடி எழுப்பி வாடகைக்கு விடலாம், யாரிடமும் கையெழுத்து கேட்க வேண்டாம். அதனாலேயே பேப்பரை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும். மனைக்கு டிடிசிபி அல்லது சிஎம்டிஏ (மனைக்கும் கட்டடத்துக்கும் அனுமதி தருகிற அரசு அமைப்புகள்) அங்கீகாரம் உண்டா, அல்லது அங்கீகாரமில்லாமல் 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்குள் விற்ற மனை என்று 2017 திட்டத்தில் வரன்முறை செய்யப்பட்டதா, செய்திருந்தால் மனைக்கு மட்டுமா லேஅவுட்டுக்குமா, கட்டடத்துக்குத் தனியாக பிளான் அப்ரூவல் இருக்கிறதா, அதில் போட்டிருக்கிற மாதிரிதான் கட்டியிருக்கிறார்களா. எங்களுக்குக் காட்டிய வீட்டின் பிளானில் சுற்றிலும் விட வேண்டிய இடம் அழகாக இருந்தது. நிஜத்தில் மாடிப்படி ஒரு பக்கத்தை முழுங்கியிருந்தது. கேட்டால் "எல்லாரும் இப்படித்தான் கட்டறாங்க". உண்மைதான், ஆனால் கடன் கொடுக்கிற வங்கியின் இன்ஜினியர் அப்படி எழுத மாட்டார். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரைக்கும் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனே அனுமதி கிடைக்கிறது. அதனால் காலி மனை வாங்கி நாமே கட்டுவது முன்பைவிட எளிது, பத்திரச் செலவும் மனைக்கு மட்டும்தான். நேரமும், மேஸ்திரியோடு மல்லுக்கட்டத் தெம்பும் இருக்கிறவர்களுக்கு இதுதான் நல்ல வழி. எங்கள் வீட்டில் இரண்டும் கிடையாது.

இப்போது நங்கநல்லூர். இரண்டு கிரவுண்டு, 4,800 சதுர அடி நிலத்தில் எட்டு ஃபிளாட், 1996ல் கட்டியது. முதல் மாடியில் 850 சதுர அடி, இரண்டு பெட்ரூம், லிஃப்ட் இல்லை. பார்க்க ஒன்றும் அழகில்லை. மொசைக் தரை, மர ஜன்னல், கிச்சனில் இருவர் நின்றால் மூன்றாமவர் வெளியே. அத்தை வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, அது அவருடைய அகராதியில் வேண்டாம் என்று அர்த்தம். ஆனால் நடந்து போகிற தூரத்தில் டாக்டர், மருந்துக்கடை, காய்கறி, பூக்கடை, கோவில் எல்லாம் இருக்கிறது. 32 அடி ஆஞ்சநேயர் கோவிலுக்குப் போகலாம் என்று சொன்ன பிறகு அவர் முகம் கொஞ்சம் மாறியது. கிண்டிக்கு பழவந்தாங்கலில் ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன், மெட்ரோவும் உண்டு. வீட்டுக்காரருக்குக் காலையில் கூட்டத்துக்கு எதிர்த்திசை, மறைமலை நகர் வரைக்கும் உட்கார்ந்தே போகலாம். மழை கொட்டினால் பழவந்தாங்கல் சப்வே நிரம்பும், அது இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஸ்டேஷன் பக்கத்திலேயே இருப்பதால் சமாளிக்கலாம்.

என்னை இழுத்தது யுடிஎஸ். ஃபிளாட் வாங்கினால் நாம் வாங்குவது சுவருக்குள் இருக்கிற இடத்தையும், நிலத்தில் பிரிக்கப்படாத பங்கையும். அந்தப் பங்குதான் யுடிஎஸ். காலம் போகப் போகச் சுவரின் மதிப்பு இறங்கும், நிலத்தின் மதிப்பு ஏறும். இந்த 850 சதுர அடி வீட்டுக்குப் பங்கு 600 சதுர அடி, கால் கிரவுண்டு. அரை கிரவுண்டு கூடுவாஞ்சேரி மண்ணோடு கால் கிரவுண்டு நங்கநல்லூர் மண்ணை வைத்துப் பாருங்கள், எது கனம் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்தக் காலத்தில் நிலத்தின் அளவைப்போல ஒன்றரை மடங்குதான் கட்டலாம், 2019 விதிகளில் அது இரண்டு மடங்கு ஆகிவிட்டது. அதனால்தான் இந்த மாதிரி பழைய பிளாக்குகளை இடித்துக் கட்டித்தருகிறோம் என்று பில்டர்கள் வரிசையில் நிற்கிறார்கள். முன்பெல்லாம் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால் மொத்தமும் நிற்கும். 2022ல் கொண்டுவந்து 2024ல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடி உரிமைச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். எட்டு வீட்டில் ஆறு பேர். எட்டுப் பேரை ஒரு மொட்டை மாடியில் உட்கார வைத்துப் பேசலாம், பெரிய அடுக்குமாடியில் முந்நூறு பேரை எங்கே உட்கார வைப்பது?

குறை இல்லையா, நிறைய இருக்கிறது. பாத்ரூம் மேல்தளத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு சிமெண்ட் உதிர்ந்து, உள்ளே கம்பி துருவேறி ஊதியிருந்தது. விரலால் தட்டினால் பொருக்கு பொருக்காகக் கையில் வந்தது. மேல்வீட்டு பாத்ரூமிலிருந்து கசிவு, அதை யார் சரிசெய்வது என்று இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லையாம். பழைய ஃபிளாட் வாங்கும்போது பெயிண்டையும் ஜன்னலையும் விட்டுவிட்டு பாத்ரூம், கிச்சன், சன்ஷேடு மூன்றையும் அண்ணாந்து பாருங்கள். தெரிந்த ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்துப்போனோம். தூண்களையும் பீம்களையும் சுத்தியல் கருவி வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, தூண் எல்லாம் நன்றாக இருக்கிறது, பாத்ரூம் ஸ்லாபை மட்டும் உடைத்துப் பூசி, மேல்வீட்டுத் தரையில் வாட்டர்புரூஃபிங் செய்ய வேண்டும் என்றார். அந்தச் செலவை விலையில் கழித்துத்தான் பேசினோம்.

அசோசியேஷன் என்று பதிவு செய்தது எதுவும் இல்லை. மாதம் 2,500 வசூல், கீழ்வீட்டு மாமா ஒரு நீள நோட்டில் கணக்கு எழுதுகிறார். நோட்டைக் காட்டச் சொன்னேன், முதலில் முறைத்தார், அப்புறம் காட்டினார். சம்ப் கழுவியது, மோட்டாருக்குக் காயில் கட்டியது, வாட்ச்மேனுக்கு தீபாவளி வேட்டி என்று வரி வரியாக இருந்தது. யார் எத்தனை மாதம் பாக்கி என்பதும் இருந்தது, விற்கிறவர் பெயரும் அதில் ஒன்று. வாங்கப்போகிற பிளாக்கின் குணத்தை அந்த நோட்டு சொல்கிற மாதிரி வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். கார் பார்க்கிங்தான் தகராறு. எட்டு வீட்டுக்கு நான்கு இடம், நான்கையும் நான்கு பேர் ஆண்டு அனுபவிக்கிறார்கள். பில்டர் பார்க்கிங்கைத் தனியாக விற்க முடியாது, அது எல்லோருக்கும் பொது என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே சொல்லிவிட்டது, அதை அந்த மாமாவிடம் போய்ச் சொல்லத்தான் எனக்குத் தைரியம் இல்லை. எங்களிடம் இருப்பது ஸ்கூட்டர், இப்போதைக்குப் போதும்.

புது அடுக்குமாடியும் பார்த்தோம், ஓ.எம்.ஆர். பக்கம். நீச்சல்குளம், ஜிம், ஏசி போட்ட சேல்ஸ் ஆபீஸில் பாதாம் பால். 950 சதுர அடி என்று விலை பேசிவிட்டு, கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நாம் நிஜமாகப் புழங்குகிற இடம், எவ்வளவு என்று கேட்டால் 640. யுடிஎஸ் 280. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஜன்னலில் தெரியும் என்பதை வசதியாகச் சொன்னார்கள், 2023 மிக்ஜாம் புயலில் அந்தச் சுற்றுவட்டாரம் எப்படி இருந்தது என்று நானே பார்த்தவள். இதற்கும் நல்ல பக்கம் உண்டு. ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிந்திருந்தால் ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் வரும் கட்டுமானக் குறையை பில்டர்தான் சரிசெய்ய வேண்டும், 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரைக்கும் முதல் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் 5 சதவீதமும் பதிவுக்கு 2 சதவீதமும்தான். ஆனால் கட்டி முடிக்கும் முன்னால் வாங்கினால் 5 சதவீதம் ஜிஎஸ்டி தனி. லிஃப்டும் செக்யூரிட்டியும் கட்டாயம் வேண்டும் என்கிறவர்கள் போகலாம். எனக்கு விலை, பங்கு இரண்டும் ஒட்டவில்லை.

கணக்கில் பலர் கோட்டை விடுவது கையிருப்பில். பழைய ஃபிளாட்டுக்கும் தனி வீட்டுக்கும் முத்திரைத்தாள் 7, பதிவு 2, ஆக 9 சதவீதம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தரலாம், பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது. 76 லட்சம் வீட்டுக்குக் கடன் அதிகபட்சம் 60 லட்சத்துச் சொச்சம். மீதி 15, பத்திரம், புரோக்கர், வக்கீல், பாத்ரூம் ஸ்லாப், குடிபோகும் செலவு எல்லாம் சேர்த்தால் 20 லட்சத்தைத் தாண்டி நம் கையிலிருந்து ரொக்கமாகப் போகும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுப்பதில் 1 சதவீதத்தை வாங்குபவர் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும், இதை மறந்தால் நோட்டீஸ் நமக்குத்தான் வரும். இன்னொன்று, கட்டடத்துக்கு இன்னும் எத்தனை வருஷம் ஆயுள் என்று பார்த்துத்தான் வங்கி கடன் காலத்தை முடிவு செய்கிறது. பழைய ஃபிளாட் என்றால் நீங்கள் நினைத்த 20 வருஷம் கிடைக்காமல் மாதத் தவணை ஏறலாம், விலை பேசும் முன்னால் வங்கியில் கேட்டுவிடுங்கள்.

72க்கு முடித்து முன்பணம் கொடுத்தாகிவிட்டது. வங்கி வக்கீல் இப்போது 1995ல் நில உரிமையாளர் தன் சார்பில் விற்கச் சொல்லி பில்டருக்கு எழுதிக்கொடுத்த பவர் பத்திரத்தின் நகலையும், ஃபிளாட்டை விற்ற தேதியில் அந்த உரிமையாளர் உயிரோடு இருந்தார் என்பதற்கு ஆதாரத்தையும் கேட்டிருக்கிறார். கீழ்வீட்டு மாமாவிடம் நகல் இருக்கிறதாம், பரணிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்றிருக்கிறார். கூடுவாஞ்சேரி புரோக்கர் இன்னும் போன் செய்துகொண்டிருக்கிறார், 75க்கு இறங்கிவிட்டார்கள் என்கிறார். மறைமலை நகர், சிங்கபெருமாள்கோவில் பக்கம் இரண்டு பேருக்கும் வேலை, வீட்டில் ஒரு ஆள் பகலில் இருப்பார் என்றால் அந்த விலைக்கு அது நல்ல வீடுதான். வாசலை மட்டும் இன்னும் இரண்டு படி உயர்த்திக் கட்டித்தரச் சொல்லுங்கள்.